87 என்வலப், 300 பிரதி: யாழ்ப்பாணத்தில் ஒரு முதல் நாவலின் செலவுக் கணக்கு

2024 ஆனி மாதத்தில் ஒரு பின்னேரம் ரீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் இரண்டு தாள் இருந்தது. ஒன்று அச்சகம் கொடுத்த விலைக்கூற்று. மற்றது வங்கியின் அடைவுச் சிட்டை. இரண்டு காப்பை வைத்து 150,000 ரூபா எடுத்திருந்தார். "தம்பி, முந்நூறு அடிக்கிறதோ ஐந்நூறு அடிக்கிறதோ எண்டு ஒருக்கால் பாத்துச் சொல்லும்" என்றார்.

நான் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் 22 வருடம் கணக்கெழுதியவன். ரீச்சர் என் மனைவியோடு ஒரே பாடசாலையில் படிப்பிப்பவர். வயது 51. இது அவருடைய முதல் நாவல். அதை நான் கையெழுத்துப் பிரதியாகவே வாசித்திருந்தேன். இரண்டு இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன், அவ்வளவு நல்ல எழுத்து. அப்படிப்பட்ட புத்தகம் வெளிவர ஒரு ஆசிரியை காப்பைக் கழற்றவேண்டி வந்தது எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் காப்பு ஏற்கனவே வங்கியில் இருந்தது. இனிச் செய்யக்கூடியது, அது வீட்டுக்குத் திரும்பி வரக் கணக்கு வைப்பதுதான்.

பெயர் போடாமல் கணக்கை எழுத ரீச்சர் சம்மதித்தார். கீழே வரும் தொகைகள் எல்லாம் அவருடைய கொப்பியில் இருந்து எடுத்தவை. வேறு அச்சகம், வேறு மாதம் என்றால் தொகை மாறும். கணக்கு போகும் வழி பெரிதாக மாறாது என்று நம்புகிறேன். எங்கள் ஊரில் முதற் புத்தகம் போடுகிறவர்கள் விடும் பெரிய பிழை, வெளியீட்டு விழாவில் வரும் காசைப் புத்தகம் விற்ற காசாக எண்ணுவது. அந்த இரண்டையும் பிரித்து எழுதியதால்தான் இந்தக் கணக்கில் இருந்து எனக்குச் சில விஷயங்கள் தெரிந்தன.

தாள்

நாவல் எழுதி முடிந்தது 2021 மார்கழியில். அப்போது 300 பிரதிக்கு ஒரு அச்சகம் 85,000 ரூபா கேட்டது. தை மாதம் சம்பளம் எடுத்ததும் கொடுப்போம் என்று இருந்தார். பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். 200 ரூபாவுக்குக் கிட்ட நின்ற டொலர் 2022 நடுவில் 360 வரை போனது. தாள் பெரும்பாலும் கப்பலில் வருகிற நாடு இது. அந்த மார்ச்சில் மேல் மாகாணத்தில் தாள் இல்லாமல் தவணைப் பரீட்சைகளையே தள்ளிவைத்தார்கள். ரீச்சர் அந்த வருடக் கடைசியில் மறுபடி கேட்டபோது அதே அச்சகம், அதே புத்தகத்துக்கு 205,000 சொன்னது.

தாள் கவலை எங்களுக்குப் புதிது அல்ல. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்ததைக் கண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். எழுதுகிறவரே அச்சுக்கும் அலைவது அதைவிடப் பழையது. ஆறுமுக நாவலர் 1849இல் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். இன்றைக்கும் யாழ்ப்பாணத்தில் வரும் முதல் நூல்களில் பெரும்பாலானவை ஆசிரியரே செலவழித்துப் போடுபவைதான். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கணக்கு வைக்காமல் போடுவதுதான் ஆளை உடைக்கும்.

ரீச்சர் இரண்டு வருடம் பொறுத்தார். பொறுத்தது நல்லதாகப் போயிற்று.

48 பக்கம் குறைந்த விதம்

காத்திருந்த காலத்தில் நாவலை ஓய்வுபெற்ற தமிழ் மாஸ்ரர் ஒருவரிடம் கொடுத்தார். அவர் நாலு மாதம் வைத்திருந்து சிவப்புப் பேனையால் கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தார். 65,000 சொல் இருந்த கதை 53,000 ஆனது. ரீச்சர் முதலில் மனம் நொந்து ஒரு கிழமை அந்தக் கட்டைத் தொடவே இல்லை. பிறகு வாசித்துப் பார்த்து, வெட்டியதில் பத்தில் ஒன்பதை ஏற்றுக்கொண்டார். திரும்பச் சேர்த்தது பாட்டியின் சுருட்டுக் கொட்டில் வரும் ஒரு அத்தியாயத்தை மட்டும். அதைச் சேர்த்தது சரி என்பது என் எண்ணமும்.

மாஸ்ரர் காசு வேண்டாம் என்றார். ரீச்சர் வற்புறுத்தி 20,000 கொடுத்தார். "இதுக்கு ஏன் இவ்வளவு காசு" என்று வீட்டில் கேட்டார்களாம். இதைத்தான் நான் முதலில் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

புத்தகம் தனித்தனிப் பக்கமாக அச்சாவதில்லை. பெரிய தாளின் இரு பக்கமும் அச்சடித்து மடித்தால் 16 பக்கம் வரும். அதை ஒரு பாரம் என்பார்கள். ஒவ்வொரு பாரத்துக்கும் இரண்டு பிளேற் (அச்சுத் தகடு), மெசினில் இரண்டு ஓட்டம், ஒரு மடிப்பு. ஆகவே அச்சகத்துக்கு ஒரு நாவல் என்பது இத்தனை பாரம் என்பதுதான். வெட்ட முன் ரீச்சரின் நாவல் 272 பக்கம், 17 பாரம். வெட்டிய பிறகு 224 பக்கம், சரியாக 14 பாரம். மாஸ்ரர் 226 பக்கத்தில் விட்டிருந்தால் இரண்டு பக்கத்துக்காக இன்னொரு பாரம் போகும், இல்லாவிட்டால் துண்டுத் தாளாக ஒட்டவேண்டி வரும். கடைசியில் நன்றியுரையைச் சுருக்கி 224க்குள் கொண்டுவந்தோம்.

300 பிரதிக்கு 272 பக்கம் என்றால் எவ்வளவு என்று அதே அச்சகத்தில் கேட்டேன். 192,000 என்றார்கள். 224 பக்கத்துக்கு 162,000. மாஸ்ரருக்குக் கொடுத்த 20,000, அச்சில் மட்டும் 30,000ஐக் குறைத்திருக்கிறது. பக்க வடிவமைப்புக்குப் பக்கம் 75, மெய்ப்பு பார்க்கப் பக்கம் 40 என்று 48 பக்கத்துக்கு இன்னொரு 5,520. புத்தகமும் இறுக்கமாக வந்தது. முதல் நாவல் போடுகிறவர்கள் முதலில் கைவைப்பது இந்தச் செம்மையாக்கச் செலவில்தான். ஒரு நாள் கடையில் நின்று தாள் விலை பேரம் பேசிக் குறைக்கும் இரண்டாயிரத்தை விட, ஒரு நல்ல வாசகரின் சிவப்புப் பேனை குறைத்துத் தருவது கூட.

முந்நூறா ஐந்நூறா

விலைக்கூற்றில் மூன்று வரி இருந்தது. பிளேற் இல்லாமல் அடிக்கும் டிஜிற்றலில் 100 பிரதி 80,000. பிளேற் செய்து அடிக்கும் ஓப்செற்றில் 300 பிரதி 162,000. 500 பிரதி 215,000. ஒரு புத்தகத்துக்கு முறையே 800, 540, 430. அச்சகத்து அண்ணை நல்ல மனிதர். அவரும் சொன்னார், "ரீச்சர், இன்னும் ஒரு அம்பத்திமூண்டு போட்டா இருநூறு புத்தகம் கூட வருது. விட்டிட்டுப் போகாதேங்கோ."

ஓப்செற்றில் பிளேற், மெசினைத் தயார் செய்வது போன்ற செலவு ஒரு பிரதி அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் ஒன்றுதான். இந்தப் புத்தகத்துக்கு அது 82,500. அதற்கு மேல் ஒவ்வொரு பிரதிக்கும் தாள், மை, அட்டை, கட்டு எல்லாம் சேர்த்து 265. அதனால் எண்ணிக்கை கூடக் கூட ஒரு புத்தகத்தின் விலை இறங்கிக்கொண்டே போகும். 430 என்ற இலக்கம் கண்ணுக்கு அழகாகத் தெரியும். ஆனால் அந்த 430, ஐந்நூறும் ஒரு வாசகர் கைக்குப் போனால்தான் உண்மை. 300 பேர்தான் வாங்கினார்கள் என்றால், 215,000ஐ 300ஆல் பிரித்துப் பார்க்க வேண்டும். 717 ரூபா வரும்.

சரி, எத்தனை கைக்குப் போகும்? இதை யோசித்துச் சொல்ல முடியாது, எழுதிப் பார்க்கலாம். ரீச்சரை இருத்தி, ஒரு சீ.ஆர். கொப்பியில் பெயர் எழுதச் சொன்னேன். "வாங்கக்கூடிய ஆட்கள்" இல்லை, முகம் தெரிந்த, பெயர் சொல்லக்கூடிய ஆட்கள். பாடசாலை, பழைய மாணவர்கள், கோயிலடி, உறவுகள், லண்டனில் தம்பியின் வட்டம், ரொறன்ரோவில் இரண்டு பெறாமக்கள். தேத்தண்ணி இரண்டு தரம் ஆறிப்போனது. 212 பெயர் வந்தது. அன்பளிப்பாகக் கொடுத்தே ஆகவேண்டியவை 30 என்று வைத்தோம். மூன்று புத்தகக் கடைக்குத் தலா 20. மொத்தம் 302. அதோடு முந்நூறு என்று முடிவாயிற்று. பேரம் பேசி ஒரு சதமும் குறைக்கவில்லை. தாள் மட்டும் வெள்ளையில் இருந்து கண்ணுக்கு இதமான மங்கல் நிறத்துக்கு அதே விலையில் மாற்றித் தந்தார்கள்.

சென்னையில் அச்சடிக்கலாமே என்றும் ஒரு நண்பர் சொன்னார். 2022 மார்கழியில் பலாலிக்கும் சென்னைக்கும் விமானம் மறுபடி ஓடத் தொடங்கியதில் இருந்து இந்த யோசனை எல்லாருக்கும் வருகிறது. ஆனால் இந்தப் புத்தகம் ஒன்று 300 கிராம். முந்நூறு பிரதி என்றால் 90 கிலோ. பயணப் பையில் கொண்டுவரும் விஷயம் அல்ல. மெய்ப்பில் ஒரு பிழை வந்தால் நேரே போய் நின்று காட்டவும் முடியாது. அந்த நேரே போய் நிற்பது எவ்வளவு பெறுமதி என்று அடுத்த மாதமே தெரிந்தது.

அச்சுக்கு முதல் செய்த இன்னொரு வேலை ஐ.எஸ்.பி.என். என்ற சர்வதேச நூல் இலக்கம் எடுத்தது. கொழும்பில் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை கொடுக்கிறது. தானே வெளியிடும் ஆசிரியரும் எடுக்கலாம். இலக்கம் வந்த பிறகுதான் பின்னட்டையையும் நூல் விவரப் பக்கத்தையும் முடிக்க முடியும். ஆகவே அட்டை வேலை தொடங்கும் நாளே விண்ணப்பித்துவிடுவது நல்லது. செலவு சின்னது, தாமதம்தான் பெரிது.

ஒரு காற்புள்ளியின் விலை

ரீச்சர் முதல் ஏழு அத்தியாயங்களைக் கையால் எழுதியிருந்தார். அதை ரைப் பண்ணக் கடையில் 7,200 கொடுத்தார். மிச்சம் அவரும் மகளும் யுனிகோடில் அடித்தது. அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கும் பிள்ளை பேஜ்மேக்கர் மென்பொருளில், யுனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் வேலை செய்பவர். யாழ்ப்பாணத்தில் நான் கண்ட பல அச்சகங்கள் அப்படித்தான். யுனிகோடில் கொடுத்ததை எழுத்துரு மாற்றியில் போட்டுப் பாமினியாக்கி, பிறகு பக்கமாக அடுக்குவார்கள். முதல் மாற்றம் ஒழுங்காகத்தான் நடந்தது. இரண்டு பேர் மெய்ப்புப் பார்த்தார்கள்.

பிறகு ரீச்சருக்கு ஒரு யோசனை வந்தது. கடைசிப் பகுதியில் மூன்று அத்தியாயங்களில் பேச்சு இன்னும் ஊர்ப் பேச்சாக இருக்கவேண்டும் என்று, திருத்தி எழுதி, வட்ஸ்அப்பில் அனுப்பினார். எழுத்தாளராக அவர் செய்தது சரிதான். அந்தப் பக்கங்கள் இப்போது வாசிக்க எவ்வளவு உயிராக இருக்கின்றன. ஆனால் அவசரத்தில் அந்த மூன்றையும் வேறு விதமாக மாற்றிப் போட்டிருக்கிறார்கள். ரீச்சர் இறுதிப் படியைப் பாடசாலை இடைவேளையில் கைத்தொலைபேசியில் தட்டிப் பார்த்துவிட்டு "சரி" என்று அனுப்பிவிட்டார். அச்சகத்துக்கு அந்த "சரி"தான் கையெழுத்து.

பிழையைக் கண்டுபிடித்தது மெசின் ஓட்டும் பொடியன். மை சரியா என்று பார்க்க முதல் தாளை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தவன், நின்று வாசித்திருக்கிறான். அண்ணையைக் கூப்பிட்டு, "உது என்ன எல்லா இடத்திலயும் ஒரு 'இ' நிக்குது? ரீச்சர் வேணுமெண்டே போட்டவவோ?" என்று கேட்டிருக்கிறான்.

நான் போனபோது அந்தத் தாள் மேசையில் விரித்தபடி கிடந்தது. மை இன்னும் காயவில்லை. "அம்மா, இஞ்ச வாங்கோ" என்று இருக்கவேண்டிய இடத்தில் "அம்மாஇ இஞ்ச வாங்கோ" என்று இருந்தது. "இல்லைஇ நான் வரேல்லை." "பொறுஇ பொறுஇ கதவைத் திற." ஒரு பக்கத்தில் மட்டும் பத்தொன்பது இடம் எண்ணினேன். காரணம் சின்னது. பாமினியில் காற்புள்ளி இருக்கவேண்டிய சாவியில் 'இ' எழுத்து உட்கார்ந்திருக்கிறது. காற்புள்ளிக்கு வேறு சாவி. மாற்றும்போது காற்புள்ளியை மட்டும் மாற்றாமல் விட்டால், யுனிகோடில் வைத்த ஒவ்வொரு காற்புள்ளியும் பாமினியில் 'இ' ஆகிவிடும். எங்கள் ஊர்த் தமிழை இணையத்தில் வாசிக்கிற எல்லாரும் இந்தப் பொருந்தாத 'இ'யைக் கண்டிருப்பார்கள்.

மூன்று பாரம், ஆறு பிளேற், ஒவ்வொன்றும் 1,600. மொத்தம் 9,600. பிழை அச்சகத்தில்தான் நடந்தது. ஆனால் இறுதிப் படிக்குச் சம்மதம் சொன்னது ரீச்சர். தானே கட்டுவதாகச் சொல்லிவிட்டார். நான் மட்டும் அந்தப் பொடியனுக்கு ஒரு புத்தகம் கொடுக்கவேண்டும் என்று சொன்னேன். விழாவுக்கு அவன் வரவில்லை. ரீச்சரே அச்சகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இதில் நான் படித்தது: யுனிகோடில் எத்தனை தரம் மெய்ப்புப் பார்த்தாலும் அது மெய்ப்பு அல்ல. பிளேற் எந்தக் கோப்பில் இருந்து போகிறதோ, அந்தப் பி.டி.எப்.ஐத் தாளில் அச்செடுத்து, அடிமட்டம் வைத்து வரி வரியாகப் பார்ப்பதுதான் மெய்ப்பு. 224 பக்கம் அச்செடுக்க இரண்டாயிரத்துக்கு மேல் போகும். அதைச் செய்திருந்தால் 9,600 தப்பியிருக்கும். அதற்குப் பிறகு திருத்தம் என்றால், எவ்வளவு நல்ல திருத்தமாக இருந்தாலும் அடுத்த பதிப்புக்கு.

விழா

புத்தகத்துக்கான செலவு இப்படி முடிந்தது. ரைப் பண்ண 7,200. மாஸ்ரருக்கு 20,000. மெய்ப்பு 8,960. பக்க வடிவமைப்பு 16,800. அட்டைக்கு ஓவியம் வரைந்த நுண்கலை மாணவிக்கு 10,000, அதை அட்டையாக்கியவருக்கு 5,000. அச்சு 162,000. மறு பிளேற் 9,600. ஐ.எஸ்.பி.என்., தபால், பிரதியெடுப்பு, ஓட்டோ என்று சில்லறை 6,440. ஆக 246,000. ஒரு பிரதிக்கு 820 ரூபா.

விலை 1,000 என்று வைத்தார். 1,200 வைக்கலாம் என்று நான் சொன்னேன், அவர் மறுத்துவிட்டார். "ஒரு ஆயிரம் ரூபாத் தாளை நீட்டி வாங்கிறமாதிரி இருக்கவேணும்" என்றார். அது அவருடைய புத்தகம்.

அடுத்தது விழா. முதலில் ரீச்சரின் மனதில் இருந்தது நகரத்துக்குள் ஒரு பெரிய மண்டபம், மதியச் சாப்பாடு, வீடியோ. எல்லாம் சேர்த்து 140,000 வரை வந்தது. நான் அதில் கடுமையாக நின்றேன். கடைசியில் ஊர்ச் சனசமூக நிலைய மண்டபம், அன்பளிப்பு 5,000. ஒலிபெருக்கி 8,000. அழைப்பிதழ் 150க்கு 9,000. வடை, ரோல்ஸ், கேசரி, தேத்தண்ணி 24,000. பொன்னாடையும் நினைவுப் பொருளும் 9,000. படப்பிடிப்பு 10,000. மொத்தம் 65,000. நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறிய அடுத்த ஞாயிறு காலை ஒன்பதரைக்கு வைத்தோம். அந்த நாட்களில்தான் வெளிநாட்டுக்காரர் ஊரில் நிற்பார்கள். பின்னேரம் என்றால் எல்லாரும் கோயிலுக்குப் போய்விடுவார்கள், அதனால் காலை.

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். விளக்கேற்றி, தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடி, வாழ்த்துரை, வெளியீட்டுரை எல்லாம் முடிந்ததும் ஒருவர் முதற்பிரதி வாங்குவார். அவர் கொஞ்சம் பெரிதாகக் கொடுப்பார். பிறகு சிறப்புப் பிரதி என்று பெயர் வாசிக்க வாசிக்க ஒவ்வொருவராக மேடைக்கு வந்து, என்வலப்பைக் கொடுத்துப் புத்தகத்தை வாங்கிப் படம் எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். என்வலப்புக்குள் ஆயிரமும் இருக்கும், ஐயாயிரமும் இருக்கும். சிலதில் ஐந்நூறு. யாரும் விலை பார்த்துக் கொடுப்பதில்லை. முறை பார்த்துக் கொடுக்கிறார்கள்.

அன்று இரவு என்வலப்புகளைப் பிரித்து எண்ணினோம். 87. முதற்பிரதிக்கு வந்த 25,000 உட்பட 171,500 ரூபா. போன புத்தகம் 94. ரீச்சரின் கணவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "போட்ட காசில அரைவாசிக்கு மேல ஒரு நாளிலயே வந்திட்டுது" என்றார்.

அந்த இடத்தில்தான் நான் கொப்பியை இரண்டாகப் பிரித்தேன். 94 புத்தகம் விலைப்படி 94,000. அது விற்பனை. மேலாக வந்த 77,500 வேறு கணக்கு. ரீச்சர் கடந்த பத்து வருடம் மற்றவர்களின் விழாக்களுக்குப் போய்க் கொடுத்தது திரும்பி வந்திருக்கிறது, இனி அவர் கொடுக்கவேண்டியது முற்பணமாக வந்திருக்கிறது. 87 பெயரில் 41 பேர் தாங்களும் எழுதுகிறவர்கள், அல்லது வீட்டில் விரைவில் ஒரு கொண்டாட்டம் இருக்கிறவர்கள். என்வலப்பில் இருந்த பெயரையும் தொகையையும் இலக்கம் போட்டு வரிசையாக எழுதினோம். இதை நான் குறைவாகச் சொல்லவில்லை. வங்கி வட்டி கேட்கும், இந்தக் கொடுக்கல் வாங்கல் வட்டி கேட்காது. இது இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்தில் அரைவாசிப் புத்தகம் வந்தே இருக்காது. ஆனால் இதை விற்பனை என்று நினைத்து இரண்டாம் பதிப்புக்கு ஓடியவர்களின் வீட்டில், கட்டுப் பிரிக்காத புத்தகப் பெட்டிகளைக் கறையான் அரித்ததை நான் கண்டிருக்கிறேன்.

பத்து மாதத்துக்குப் பிறகு

2025 ஆனியில் கணக்கை முடித்தோம்.

அன்பளிப்பாகப் போனது 31. அச்சகத்தார், வெளியீட்டாளர் பற்றிய 1885ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கு அனுப்பக் கொடுத்தவை, நூலகங்களுக்குப் போனவை, விமர்சனம் எழுதச் சம்மதித்தவர்களுக்கு, மாஸ்ரருக்கு, ஓவியம் வரைந்த பிள்ளைக்கு, அந்தப் பொடியனுக்கு. ஒரு பிரதி, ஈழத்துத் தமிழ் நூல்களை மின்வடிவில் சேர்த்துவைக்கும் நூலகம் நிறுவனத்துக்கு. எரிந்துபோன நூலகத்தின் ஊரில் இருந்து எழுதுகிறவர், தன் புத்தகத்தை மின்வடிவில் ஓரிடத்தில் வைக்காமல் விடக்கூடாது என்பது ரீச்சரின் பிடிவாதம். எனக்கும் அதுதான் மனம்.

கடைகளுக்குக் கொடுத்தது 60, விற்றது 38. நூற்றுக்கு 35 கழிவு போக ஒரு பிரதிக்கு 650 கைக்கு வரும். 820 முடிந்த புத்தகத்துக்கு 650. கடையில் விற்று முதல் எடுக்க முடியாது என்பது அங்கேயே தெரிகிறது. அதிலும் 25 பிரதிக்கான 16,250தான் வந்திருக்கிறது. 13 பிரதிக்கான 8,450 இன்னும் நிலுவை. ஒவ்வொரு முறையும் போய்க் கேட்கவேண்டி இருக்கிறது. கொடுக்கும்போதே திகதி, எண்ணிக்கை, கழிவு எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்கியதால் கேட்க முடிகிறது.

லண்டனுக்குப் போனது 40. தபாலில் அனுப்பினால் புத்தக விலையை விடத் தபால் செலவு கூட. 12 கிலோவை மூன்று பேரின் பயணப் பைகளில் பிரித்துக் கொடுத்துவிட்டோம். தம்பி 28ஐ விற்று 56,000 அனுப்பினார். 12 அங்கே இருக்கிறது. நேரடியாக, பாடசாலையிலும் வட்ஸ்அப்பிலும் வீட்டிலும் விற்றது 46. அது 46,000. வீட்டில் மிச்சம் 29.

வரவு: விழா 171,500, கடை 16,250, லண்டன் 56,000, நேரடி 46,000. மொத்தம் 289,750. செலவு: புத்தகம் 246,000, விழா 65,000, அடைவு வட்டி 11,250. மொத்தம் 322,250. கையை விட்டுப் போனது 32,500. கடை நிலுவை வந்தால் 24,050. திணைக்களங்களின் நூல் கொள்வனவுக்கு விண்ணப்பித்திருக்கிறார். கைக்கு வராத காசை நான் கணக்கில் எழுதுவதில்லை.

வட்டியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். புத்தகக் கணக்குப் போடுகிற எவரும் இதை எழுதுவதில்லை. ரீச்சரிடம் சேமிப்பு 100,000 இருந்தது. அடைவு 150,000. அதற்கும் மேலே தங்கையிடம் 61,000 கைமாற்று. விழா முடிந்ததும் தங்கையின் காசைக் கொடுத்தார். 110,500 மிஞ்சியது. அதைக் காப்பு மீட்க என்று சேமிப்புக் கணக்கில் போட்டுவிட்டு, லண்டன் காசு வரும்வரை பார்த்திருந்து, மார்கழியில்தான் மீட்டார். மாதம் ஒன்றேகால் வீதப்படி ஆறு மாதம் 11,250. ஆவணியிலேயே அந்த 110,500ஐ அடைவில் பகுதியாகக் கட்டியிருந்தால் நாலு மாதத்தில் 5,525 மிஞ்சியிருக்கும். அதை நேரத்துக்குச் சொல்லவேண்டியவன் நான். சொல்ல மறந்தேன். இன்றைக்கும் அது மனதில் கிடக்கிறது.

விழாவில் மேலாக வந்த 77,500ஐக் கடன் என்று வைத்தால், இழப்பு ஒரு லட்சத்துக்கு மேல். இந்த இலக்கத்தைக் கேட்டு ரீச்சர் கவலைப்படுவார் என்று நினைத்தேன். அவர் வேறொன்றைக் கேட்டார். "தம்பி, இதில என்னைத் தெரியாத ஆக்கள் எத்தனை பேர் வாங்கினவை?"

பழைய பெயர்க் கொப்பியை எடுத்துப் பார்த்தோம். விழா, லண்டன், நேரடி மூன்றிலும் போன 168 பிரதியில் 131, அந்த 212 பெயர்களுக்குள் இருந்தவர்களுக்குப் போயிருக்கிறது. 37 பிரதி பட்டியலில் இல்லாதவர்களுக்கு. கடையில் விற்ற 38ஐ யார் வாங்கியது என்றே தெரியாது. ஆக 75. முகம் தெரியாத 75 கைகளில் அவருடைய நாவல் இருக்கிறது. விழாக் காசையும் விற்பனைக் காசையும் ஒன்றாகக் கலந்திருந்தால் இந்த 75 கண்ணில் பட்டிருக்காது. அடுத்த புத்தகத்துக்குப் பிரதி எண்ணிக்கை பேசும்போது நாங்கள் தொடங்கப்போவது இந்த 75இல் இருந்துதான்.

ஐந்நூறு அடித்திருந்தால் இன்னும் 53,000 போயிருக்கும், வீட்டில் 229 புத்தகம் இருந்திருக்கும். இப்போது இருக்கும் 29உம் அலுமாரியின் மேல் தட்டில், மாரி ஈரம் படாமல் பொலித்தீனில் சுற்றி இருக்கிறது. அது முடிந்தால் திருத்திய பி.டி.எப்.ஐ வைத்து டிஜிற்றலில் 50 அடிக்கலாம். ஒன்று 800 வரும். கையில் வாங்குகிறவர் பெயர் இருந்தால் மட்டும் அடிப்பது என்று பேசி வைத்திருக்கிறோம்.

போன ஞாயிறு ஊரில் இன்னொருவரின் கவிதைத் தொகுப்பு வெளியீடு. ரீச்சரோடு நானும் போனேன். புறப்பட முன் என்வலப் கொப்பியைத் திறந்து அவருடைய பெயரைத் தேடினார். இலக்கம் 23, 2,000 ரூபா. இரண்டு ஆயிரம் ரூபாத் தாளை மடித்து என்வலப்புக்குள் வைத்து ஒட்டினார். திரும்பி வந்ததும் 23க்கு நேரே சிவப்புப் பேனையால் ஒரு சரி போட்டார். பிறகு வாங்கிவந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசிக்கப் போனார்.